கொம்பந்துறைக் கோபத்தின் அரை ஆயுள்

கொம்பந்துறைக் கடற்கரையில் மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்த ரொசாலியின் கண்முன்னால்தான் அது முதன்முதலாக நடந்தது. அவளுடைய கொழுந்தன் கயித்தான், மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் என்று மூன்று ஊருக்குப் பேர்போனவன், நெத்திலி வியாபாரியின் சட்டையைப் பிடித்து உலுக்கி அவனுடைய பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துக் கடலில் முக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் நெஞ்சுக்குழியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ராத்திரி வலை இழுக்கும்போது தண்ணீருக்குள் மின்னுமே ஒரு நீலப் பச்சை, அது அவன் சட்டைக்குள் ஒருமுறை மின்னி அணைந்தது. கயித்தான் கையைத் தளர்த்தினான், வியாபாரிக்குக் கழன்றுபோன பொத்தானைத் தானே மாட்டிவிட்டான், "போவட்டு அண்ணே, எடுத்துக்கிடும்" என்றான். வியாபாரி பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தான். ரெண்டாவது தரம் கூறி நிறுத்தியிருந்த ஏலத்தை ரொசாலி மூன்றாவது தரமும் கூறி முடித்தாள், ஏனென்றால் வெயிலில் நெத்திலி யாருக்காகவும் காத்திருக்காது.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் ஊரில் பாதிப்பேருக்கு அப்படி ஆகிவிட்டது. குளிக்கும்போது ஒருத்திக்கு, பூசையில் முழங்காலில் நிற்கும்போது ஒருத்தனுக்கு, பல் விளக்கும்போது ஒரு கிழவனுக்கு என்று நேரம் காலம் இல்லாமல் டிக் என்று சத்தம் வந்தது, வெளிச்சம் போனது, வெளிச்சத்தோடு கோபமும் போனது. "அவனுக்கு வெட்டம் போச்சு" என்று, வெளிச்சத்தை வெட்டம் என்கிற அந்த ஊர் அதைச் சொல்லப் பழகியது. வெட்டம் போனவர்கள் நோயாளிகள் இல்லை. நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாகத் தூங்கினார்கள், ரேஷன் கடை வரிசையில் இடிக்காமல் நின்றார்கள், கொஞ்சம் கனத்த நடை நடந்தார்கள். மாமியார்கள் மருமகள்களுக்குத் தலைவாரிவிட்டார்கள். பங்குத்தந்தை கிரகோரி சாமியார் முதலில் இதைப் பரிசுத்த ஆவியின் வேலை என்று நன்றித் திருப்பலி வைத்தார். பிறகு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு ஆளே வராமல் போனதும், வந்தவர்கள் ஜெபத்தையும் ஆறிப்போன கஞ்சியாகச் சொல்லிவிட்டுப் போனதும் அவருக்கே சலித்துவிட்டது. மாவட்டத்தையே கலக்கிய கொம்பந்துறைக் கால்பந்து அணி, எதிராளி பந்தைக் கேட்டால் கொடுத்துவிடுகிற அணியாக மாறி, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம்கூடத் தோற்றுவிட்டுக் கைகொடுத்துத் திரும்பியது. பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பியை வாங்கிக்கொண்டே, "பிள்ளைக்கு வெட்டம் இருக்கா, போச்சா?" என்று கேட்டார்கள். போனது என்றால் மாப்பிள்ளை வீட்டுக்குச் சந்தோஷம், கேட்க வேறென்ன.

ஒன்று மட்டும் போகவில்லை, அதை ரொசாலி கவனித்து வைத்திருந்தாள். வெட்டம் போன கயித்தானிடம் யார் எதைக் கேட்டாலும் கொடுத்தான். வலையைக் கேட்டவனுக்கு வலை, துடுப்பைக் கேட்டவனுக்குத் துடுப்பு. ஆனால் ஒருநாள் அவன் ஏலத்தில் எடுத்து இன்னொருத்தருக்காகக் கூடையில் போட்டுவைத்திருந்த சூரை மீனை ஒரு பெரிய வியாபாரி அதட்டிக் கேட்டபோது, கயித்தான் கோபமே இல்லாமல், "அது பேசி முடிச்ச மீனு, தர ஒக்காது" என்று சொல்லிவிட்டுப் பீடி பற்றவைத்தான். வியாபாரி எவ்வளவு குதித்தும் தர முடியாது என்றது முடியாதுதான். மூன்று தரம் கூறிய பொருளைத் திருப்பித் தராமல் இருப்பது என்பது அந்தக் கரையில் கோபத்தோடு சம்பந்தப்பட்டதே இல்லை. வள்ளத்தில் வலது காலை வைத்து ஏறுவதைப் போல அது உடம்பிலேயே இருந்தது.

வயிறு எரியாமல் சொல்ல முடியாத பகுதி இனிமேல்தான் வருகிறது. கொம்பந்துறையின் மணல் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் தோரியம் இருக்கிறது என்று மணல் ஆலை வந்து, வடக்கே பாதிக் கரையையும் தெற்கே பாதிக் கரையையும் தின்றுவிட்டு, நடுவில் கோயிலுக்கும் கடலுக்கும் இடையில் மிஞ்சியிருந்த கல்லறைத் தோட்டத்தின்மேல் கண்வைத்தது. அங்கேதான் ரொசாலியின் ஒரே மகள் ஜெசிந்தா கிடந்தாள். ரத்தத்தில் வந்த நோய். பள்ளிக்கூடப் பை இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மணலால் வந்ததா என்று ரொசாலி கேட்டபோது ஆலைக்காரர்கள், இத்தனை பேரில் இத்தனை பேருக்கு எந்த ஊரிலும் வருகிற நோய்தான், உங்கள் பிள்ளைக்கு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று மரியாதையாகவே பதில் சொன்னார்கள். பிள்ளையைத் தின்றதாகவும் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது எலும்பையும் கேட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்துக்குத் தேதி குறித்தபோது வெட்டம் போகாத பாதி ஊர் பற்றியெரிந்தது, எல்லாருக்கும் முன்னால் ரொசாலியின் தொண்டை எரிந்தது.

அப்போதுதான் அவளுடைய புருஷன் தனிஸ்லாசுக்கு வெட்டம் போனது. சோற்றில் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தவன், டிக் என்றதும் கரண்டியை வைத்தான், மகளின் பையைப் பார்த்தான், பிறகு சாந்தமாகச் சொன்னான்.

"தோண்டட்டு ரொசாலி. வேற எடம் தருவானுவல்லா. பிள்ள மோட்சத்துல இருக்கா, மண்ணுல என்ன இருக்கு?"

ரொசாலி குழம்புச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். அவன் எழுந்துபோய்ச் சட்டித் துண்டுகளைப் பொறுக்கி, அவள் காலில் குத்தாமல் ஓரமாகப் போட்டான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. மகளைப் புதைத்த அன்று குழிக்குள் குதித்து விழுந்து கதறிய மனுஷன் அவன். அவனுக்கு வெட்டம் போன அந்த நாள் முழுவதும் அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு திரிந்தாள். இந்த வார்த்தை ஒருநாள் தன் வாயிலிருந்தும் வரும், வரும்போது தனக்கு வலிக்கக்கூட வலிக்காது என்று நினைக்க நினைக்க அவளுக்குச் செத்த பிள்ளை இன்னொருமுறை செத்தாள்.

ஆலையில் அளவெடுக்கிற வேலைக்கு வந்திருந்தவள் பூங்கோதை. கையடக்கமான ஒரு கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு மணலை அளந்து திரிந்ததால் ஊர் அவளைக் கருவிக்கார மேடம் என்றது. மணலுக்கு அருகில் வைத்தால் அந்தக் கருவி டிக் டிக் என்னும். ஊரில் யாருக்கு வெட்டம் போனாலும் ஒரே ஒரு டிக் கூடுதலாகச் சொல்லும். அதை வைத்து அவள் கணக்குப் போட்டாள். கோயில் முற்றத்தில் ஊர் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னாள்.

"மணலுக்குள்ள இருக்கிற அணுக்கருவும் இப்படித்தான். அது நிலையில்லாதது. ஒருநாள் வெடிச்சு வெளிச்சத்தை விட்டுட்டு வேற ஒண்ணா மாறிடும், கடைசியில ஈயமாகி அடங்கிடும். எவ்வளவு காலத்துல பாதி மாறும்னு எங்களால சொல்ல முடியும், அதுக்கு அரை ஆயுள்னு பேரு. உங்க ஊர்ல ஒரு மழைக்காலத்துக்கும் அடுத்த மழைக்காலத்துக்கும் நடுவுல பாதிப்பேர். மிச்சத்துல பாதி அடுத்த மழைக்குள்ள. அதுக்கப்புறம் அதுல பாதி."

"யாரு யாருன்னு செல்லுங்க" என்றாள் ரொசாலி.

"அது மட்டும் முடியாதும்மா."

"பாதின்னு தெரியும், யாருன்னு தெரியாது. இது என்ன படிப்பு மேடம்?"

கூட்டத்தில் வெட்டம் போனவர்கள் எல்லாம் ரொம்ப நல்ல விளக்கம் என்று தலையாட்டினார்கள்.

அதற்கப்புறம் ஊர் செய்த முட்டாள்தனத்தைக் கடற்கரைக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. மிஞ்சிய மீனை உப்புப் போட்டுக் கருவாடாக்கி வைக்கத் தெரிந்தவர்கள் அல்லவா, மிஞ்சிய கோபத்தையும் அப்படியே வைக்கப் பார்த்தார்கள். கூட்டத்தன்று மொத்தமாகச் செலவழிக்கலாம், அதுவரை யாரும் வீணாக்கக்கூடாது என்று ஊர்க்கமிட்டி தீர்மானம் போட்டது. புருஷன் பெண்டாட்டி சண்டை நின்றது. வியாபாரி தராசை அமுக்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்கள். கோபம் வரும்போல இருந்தால் நாக்குக்கு அடியில் ஒரு உப்புக்கல்லை வைத்து வாயை மூடிக்கொண்டார்கள். ஏலக்காரி ரொசாலிகூட, கத்தினால் குறைந்துவிடுமோ என்று பயந்து, மெல்லிய குரலில் ஏலம் கூறி, வாங்க வந்தவர்களைக் காதில் கைவைத்துக் கேட்க வைத்தாள். வாய்க்குள் உப்பு கரித்தது, நெஞ்சுக்குள் பிள்ளை கரித்தாள், எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு அந்தத் தேதிக்குக் காத்திருந்தாள்.

தேதி வந்தது, கூட்டம் வரவில்லை. நிர்வாகக் காரணங்களால் ஒத்திவைக்கப்பட்டது என்று கோயில் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மழை முடிந்து இன்னொரு தேதி வந்தது, அதுவும் ஒத்திவைக்கப்பட்டது, அதற்கடுத்த மழைகளிலும் அப்படியே. உப்பு வைத்த வாய்களிலேயே டிக் டிக் என்று வெட்டம் போய்க்கொண்டிருந்தது. கமிட்டித் தலைவருக்குப் போனது, செயலாளருக்குப் போனது, கிரகோரி சாமியாருக்குத் திருப்பலியில் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருந்தபோது போனது. ஒரு துளி கோபத்தைக்கூடச் செலவழிக்காமல் சேர்த்துவைத்த மனுஷர்கள் அத்தனையையும் ஒரே மின்னலில் இழந்துவிட்டு, ஆலை நட்டுக்கொடுத்த நிழல் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கடைசியில் ஊருக்குள் கோபமாக இருக்கிறவர்கள் என்று ஒரு கை விரலுக்குள் அடங்குகிற ஆட்கள் மிஞ்சினார்கள். பிறகு அவர்களும் போய் ரொசாலி ஒருத்தி நின்றாள்.

ஏழாவது முறை ஒத்திவைத்த தாளைச் சுவரில் பார்த்ததும் அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. தாளைக் கிழித்துக் கையில் சுருட்டிக்கொண்டு நேராகப் பூங்கோதையின் வீட்டுக்குப் போனாள்.

"நீங்கதான் ஆலைக்குச் செல்லிக்குடுத்தியளா? எத்தன தடவ தள்ளிப் போட்டா ஊரு அடங்கும்னு?"

பூங்கோதை மறைக்கவில்லை. "கேட்டாங்க. சொன்னேன். எதுக்குக் கேக்குறாங்கன்னு அப்போ நான் யோசிக்கல. யோசிச்சிருக்கணும்."

"எனக்க மவ செத்தது எதனாலன்னு கேட்டா ஒங்களுக்குத் தெரியாது. நாங்க எப்ப அடங்குவோம்னா மட்டும் தெரியும். நல்லா இருங்க மேடம். நல்லா இருங்க." ரொசாலி உப்புக் கல்லைத் துப்பினாள். அது வாசலில் உருண்டு போனது. "நான் இவ்வளவு நாளு வாயத் தெறக்காம காத்துக் கெடந்தேன். எனக்கு இன்னும் எவ்வளவு இருக்கு? அதையாவது செல்லுங்க."

"ஒரே ஆளுக்கு எங்க கணக்கு உதவாதும்மா. இந்த நிமிஷமே போகலாம். நூறு வருஷம் போகாமலும் இருக்கலாம்."

"இத்தன நாளு தாங்கினதுனால சீக்கிரம் போயிருமா?"

"இல்ல. அதுக்கு வயசே கிடையாது. நேத்து எப்படி இருந்ததோ இன்னைக்கும் அப்படியேதான் இருக்கும். நீங்க சேத்து வச்சாலும் நிக்காது, செலவழிச்சாலும் குறையாது. சூடு பண்ணாலும் குளிர வச்சாலும் அது பாட்டுக்கு அது."

ரொசாலி அதையே திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சேர்த்துவைத்தாலும் நிற்காது, செலவழித்தாலும் குறையாது. இந்த ஒரு வார்த்தையை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால், ஊர் உப்புக்கல்லைச் சப்பிக்கொண்டு ஏழு மழைக்காலத்தைப் பாழாக்கியிருக்காது. யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொள்ள, அவள் அங்கிருந்து இறங்கிய வேகத்தில் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போனாள். ஆலை தள்ளிப்போட்டால் போடட்டும், அவள் இனி ஒரு நாளையும் தள்ளிப்போடப் போவதில்லை.

அன்று மத்தியானம் கொம்பந்துறை ஏழு மழைக்காலத்துக்குப் பிறகு ரொசாலியின் முழுத் தொண்டையைக் கேட்டது. வள்ளம் ஏதும் வராத நேரத்தில் ஏலக்குரல் கேட்டதும் ஊர் பழக்கத்தில் எழுந்து வந்தது. சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள், கூடையோடு வந்தார்கள், வந்து பார்த்தால் அவள் குருசுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"இண்ணைக்கு மீனு இல்ல. குழிதான் ஏலம்" என்றாள். "அவனவன் வீட்டுக் குழிய அவனவன் கேக்கப்பிடாது. அடுத்த வீட்டுக் குழியத்தான் எடுக்கணும். எடுத்தவன் அத அந்த வீட்டுக்காக வச்சிருக்கணும். வெல காசு இல்ல, மீனு. கேளுங்க."

கோபம் இல்லாத ஊருக்கு மறுப்பும் இல்லை. கேட்டார்கள். கமிட்டித் தலைவரின் அப்பாவை ஒரு கூடை சாளைக்கு ஸ்டெல்லா எடுத்தாள். ஸ்டெல்லாவின் தங்கச்சியைத் தனிஸ்லாஸ் ஒரு நண்டுக்கு எடுத்தான். தனிஸ்லாசின் அம்மாவைக் கால்பந்து ஆடுகிற பையன்கள் சேர்ந்து ஒரு விளமீனுக்கு எடுத்தார்கள். ரொசாலி ஒவ்வொரு குருசையும் கையால் அறைந்து அறைந்து கூறினாள். செத்தவர்களின் பெயரைச் சொல்லும்போது அவர்களை எது தின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னாள், கல்லீரல் என்றாள், தொண்டை என்றாள், பிறக்காமலே போனது என்றாள், ஆலையைப் பார்த்துக் காறித் துப்பினாள். வெட்டம் போன முகங்கள் அதையெல்லாம் மீன் விவரம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தன. வெயில் சாய்ந்தபோது ஜெசிந்தாவின் குழி மட்டும் மீதி இருந்தது.

"ஒரு சாளை" என்றான் கயித்தான்.

"எனக்க மவளுக்கு ஒரு சாளையாலே?" ரொசாலியின் குரல் உடைந்தது. "ஒனக்க தோளுல ஏறித் திருவிழா பாத்தவளுக்கு?"

கயித்தான் யோசித்தான். அவனுக்கு வருத்தமோ வெட்கமோ வரவில்லை, விலை குறைவு என்பது மட்டும் புரிந்தது. "அப்போ எனக்க வள்ளத்துல ஏறுற முதல் மீனு. தெனமும். நான் கடலுக்குப் போற காலம் வரைக்கும்."

அவன் தனிஸ்லாசின் தம்பிதானே, சொந்த வீட்டுக் குழி ஆகாதா என்று யாரோ கேட்டார்கள். தனி அடுப்பு எரிந்தால் தனி வீடு என்று ஊர் சொன்னது. ரொசாலி மகளின் குருசில் நெற்றியை வைத்துக்கொண்டு, தன் நெஞ்சுக்குள் காதைக் கொடுத்து, இப்போது வேண்டாம், இப்போது வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டே கூறினாள்.

"ஒருதரம். ரெண்டுதரம்."

கடல் இரைந்தது. அவள் மூச்சு வாங்கினாள்.

"மூணுதரம்."

அந்தக் கணத்தில் அவளுக்கு வெட்டம் போயிருந்தால் கதை கேட்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கணக்குக்குக் கதை கேட்கிறவர்களைப் பற்றிக் கவலை கிடையாது. அன்று போகவில்லை, மறுநாளும் போகவில்லை. அவள் திட்டிக்கொண்டே மீன் விற்றாள், திட்டிக்கொண்டே தூங்கினாள், கயித்தான் கொண்டுவந்து வாசலில் வைக்கும் முதல் மீனைத் திட்டிக்கொண்டே கழுவினாள். பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு காலையில், தனிஸ்லாசின் கைலியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது, டிக் என்றது. அவள் இன்னொரு கைலியை எடுத்து உதறினாள். உள்ளே போனாள். ஆணியில் தொங்கிய பள்ளிக்கூடப் பையை எடுத்துத் தூசி தட்டி, யாருக்காவது உதவும் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

கருவி அந்த ஒற்றை டிக்கைச் சொன்னது. பூங்கோதை அதை ஆலையிடம் சொல்லவில்லை. ஆனாலும் கடலோரத்தில் ரொசாலியின் சத்தம் நின்றுபோனது ஆலைக்குத் தானே தெரிந்துவிட்டது. உடனே தேதி குறித்தார்கள். இந்த முறை ஒத்திவைக்கவில்லை. பந்தல் போட்டார்கள், எல்லாருக்கும் மோர் கொடுத்தார்கள், கருத்துக் கேட்க வந்த அதிகாரி போலீசைக்கூடக் கூட்டிவரவில்லை. கல்லறைத் தோட்டத்தை ஆலைக்குக் கொடுப்பதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஒலிபெருக்கியில் கேட்டார். யாருக்கும் இல்லை. ஊர் புன்னகையோடு மோர் குடித்தது. அப்படியானால் ஒவ்வொரு குடும்பமாக வந்து தங்கள் கல்லறைக்குச் சம்மதம் சொல்லிவிட்டுப் போகலாம் என்றார் அதிகாரி.

கமிட்டித் தலைவர் முதலில் வந்தார். "சம்மதம்தான் சார். ஆனா எங்க அப்பாக்க குழி ஸ்டெல்லாக்க கையில இருக்கு."

ஸ்டெல்லா வந்தாள். "அது இவியளுக்காக எடுத்து வச்சது சார். தர ஒக்காது. எனக்க தங்கச்சிய வேணும்னா எடுங்க. ஆனா அவ தனிஸ்லாசு அண்ணன்கிட்ட இருக்கா."

தனிஸ்லாஸ் வந்தான். ஏலத்தில் எடுத்தது, தர ஒக்காது என்று அவனும் சிரித்த முகத்தோடு சொன்னான். அதிகாரி முதலில் விளையாட்டு என்று நினைத்தார், பிறகு விளக்கினார், பிறகு வேறு இடமும் பளிங்குக் கல்லும் தருவதாகச் சொன்னார், பிறகு மேசையைத் தட்டினார். யாரும் குரலை உயர்த்தவில்லை. தங்கள் செத்தவர்களை எல்லாரும் தாராளமாகக் கொடுத்தார்கள், அடுத்த வீட்டுச் செத்தவர்களை ஒருத்தர்கூடக் கொடுக்கவில்லை. பந்தலின் ஓரத்தில் தோளில் கருவியோடு நின்றிருந்த பூங்கோதையின் முகம் சிவந்து, உதடு துடித்துக்கொண்டிருந்தது. அதிகாரியைத் தவிர அந்த இடத்தில் வெட்டம் உள்ள ஆள் அவள் ஒருத்திதான்.

கடைசியாக அதிகாரி ரொசாலியைக் கூப்பிட்டார். அவளைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார், அவளுக்கு அடங்கிவிட்டதையும் கேள்விப்பட்டிருந்தார். அவள் ஒத்துக்கொண்டால் மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"சொல்லுங்கம்மா. உங்க பொண்ணோட கல்லறையை எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கிடுங்க சார்" என்றாள் ரொசாலி. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "பிள்ள மோட்சத்துல இருக்கா. மண்ணுல என்ன இருக்கு?"

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். அப்போது பின்வரிசையிலிருந்து கயித்தான் எழுந்து, மோர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக முன்னால் வந்தான்.

"அது ஒனக்கதில்ல மைனி" என்றான், அவ்வளவு சாந்தமாக. "எனக்க கையில இருக்கு. மூணுதரம் சென்னது நீதானே."

ரொசாலி அவனைப் பார்த்தாள். மகளை நினைத்துப் பார்த்தாள், ஒன்றும் வலிக்கவில்லை. ஏலத்தை நினைத்துப் பார்த்தாள்.

"ஆமா, சென்னேன்" என்றாள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, மீன் வாங்கப் பிந்தி வந்தவரிடம் சொல்கிற மாதிரி மரியாதையாகச் சொன்னாள். "அப்போ தர ஒக்காது சார். பேசி முடிச்சாச்சு."